காயலான் கடைக்கு வரும் கோபால்ட்டும் இன்னும் வராத மாத்திரையும்

மணலியிலோ அத்திப்பட்டிலோ புதிதாகக் குழாய் போடும் இடத்தில், வெல்டர்கள் வேலையை முடித்துக் கிளம்பிய பிறகு இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு ஒன்று உள்ளே வரும். அவர்களிடம் கையால் தூக்கக்கூடிய, ஆனால் நல்ல கனமான ஒரு பெட்டி இருக்கும். சுற்றிலும் கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டி, மற்றவர்களை அப்புறப்படுத்துவார்கள். பிறகு பெட்டிக்குள் இருக்கும் இரிடியம்-192 சோர்ஸைக் கேபிள் வழியாக வெளியே தள்ளுவார்கள். அதன் காமா கதிர் வெல்டிங் மூட்டை ஊடுருவி மறுபக்கத்து ஃபிலிமில் பதியும். மூட்டுக்குள் விரிசலோ காற்றுக்குமிழோ இருந்தால் படத்தில் தெரிந்துவிடும். தொழிலில் இதற்கு ‘ஆர்.டி. எடுக்கிறது’ என்று பெயர். சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம், எரிவாயு முனையம் என்று உயர் அழுத்தக் குழாய்களும் கொதிகலன்களும் உள்ள இடங்களில் இந்தச் சோதனை இல்லாமல் வேலை ஓடாது.

படம் எடுத்து முடிந்ததும் சோர்ஸ் பெட்டிக்குள் திரும்ப வேண்டும். திரும்பிவிட்டதா என்று சர்வே மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவங்களைப் பாடமாகச் சொல்வார்கள். 1996 ஜூலையில் ஈரானின் கிலான் மின்நிலையத்தில் கழன்று விழுந்துகிடந்த இரிடியம் சோர்ஸை ஒரு தொழிலாளி எடுத்துத் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டார். 1999 பிப்ரவரியில் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில் ஒரு வெல்டர் அதே காரியத்தைச் செய்தார். பேன்ட்டின் பின்பையில் அதை வைத்துக்கொண்டு பல மணி நேரம் வேலை பார்த்தார், வீட்டுக்கும் போனார். உயிர் தப்பியது, ஒரு கால் போனது. இருவர் கண்ணுக்கும் அது பளபளப்பான ஒரு உலோகத் துண்டாகத்தான் தெரிந்தது.

இப்படிப்பட்ட வேலைக்குப் போகிறவருக்கு முன்கூட்டியே ஒரு மாத்திரை கொடுத்து அனுப்ப முடியாதா? எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ராணுவ ஆய்வகங்கள் தேடுவது அந்த மாத்திரையைத்தான். கடும் கதிர்வீச்சு நோய் வராமல் தடுப்பதற்கென்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அனுமதித்த மருந்து இன்றுவரை ஒன்றுகூடக் கிடையாது. ரஷ்யா மட்டும் இந்திராலின் என்ற மாத்திரையைத் தன் அவசரகாலப் பணியாளர்களுக்காக வைத்திருக்கிறது. அதுவும் விழுங்கிய கால் மணி நேரத்தில் வேலை தொடங்கி, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகிற சங்கதி.

தேடலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அணுகுண்டு விழப்போகும் போர்க்களத்தில் நிற்கும் சிப்பாயை மனத்தில் வைத்தே இந்த ஆராய்ச்சி தொடங்கியது, பெருமளவு இன்றும் அப்படியே ஓடுகிறது. இந்தியாவில் கதிர்வீச்சால் உயிர் போனது காயலான் கடையில். கதிர்வீச்சை அன்றாடம் உடம்பில் வாங்கிக்கொள்கிறவர்கள் புற்றுநோய் வார்டில் இருக்கிறார்கள். இவர்களை மையமாக வைத்தால் மருந்தும் சீக்கிரம் வரும், இருக்கிற மருந்தும் உரிய இடத்துக்குப் போய்ச் சேரும். வடசென்னை இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில், நோய் எப்படி வருகிறது? உடல் முழுக்க ஒரு கிரே (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் கதிர்வீச்சு பட்டால் சில மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும் வரும். பிறகு அது நின்றுவிடும். ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஆள் தேறிவிட்டது போலவே தெரிவார், வேலைக்குக்கூடப் போவார். ஏமாற்றும் காலம் இதுதான். உள்ளே எலும்பு மஜ்ஜை புதிய ரத்த அணுக்களைச் செய்வதை நிறுத்தியிருக்கும். இருக்கிற வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் தீர்ந்ததும் காய்ச்சல், தொற்று, ஈறிலும் தோலுக்கடியிலும் ரத்தக்கசிவு என்று வரிசையாக வரும். ஏறக்குறைய நான்கு கிரே பட்டு, சிகிச்சையும் கிடைக்காமல் போனால் பாதிப் பேர் அறுபது நாட்களுக்குள் இறந்துவிடுவார்கள். அளவு இன்னும் கூடினால் குடலின் உட்சுவரே உரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் மருத்துவத்தால் செய்ய முடிவது மிகக் கொஞ்சம்.

செல்லுக்குள் நடப்பது இதைவிட வேகமானது. உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். காமா கதிர் அந்தத் தண்ணீர் மூலக்கூறுகளை உடைக்க, அதிலிருந்து பிறக்கும் ஹைட்ராக்சில் துகள்கள் பக்கத்தில் இருக்கும் டி.என்.ஏ. இழையைத் தாக்கும். கண் இமைக்கும் நேரத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குகூட இதற்குத் தேவையில்லை. ஆகவே தடுப்பு மருந்து என்றால் அது கதிர் வருவதற்கு முன்பே செல்லுக்குள் போய்த் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். கதிர் பட்ட பிறகு விழுங்கினால் அந்த முதல் அடியைத் தடுக்க முடியாது.

1949இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்தில் ஹார்வி பாட் குழுவினர் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை எலிகளுக்கு முன்கூட்டியே செலுத்தி எக்ஸ் கதிரில் காட்டியபோது பல எலிகள் பிழைத்தன. கதிர் பட்ட பிறகு கொடுத்தபோது பயனில்லை. இந்தத் துறையின் பிள்ளையார் சுழி அதுதான். ஹிரோஷிமா நடந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம், ராணுவம் சும்மா இருக்குமா? 1959இல் வால்டர் ரீட் ராணுவ ஆராய்ச்சி நிலையம் வேலையைக் கையில் எடுத்தது. 1973 வரை நான்காயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களைச் சலித்துப் பார்த்ததில் தேறியது டபிள்யூ.ஆர்.-2721. இன்றைய பெயர் அமிஃபோஸ்டின்.

மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் சிரைவழியாகச் செலுத்த வேண்டும். கதிர் படுவதற்குக் கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், வாந்தி வரும். துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய்க்கு இது எந்த லட்சணத்தில் பயன்படும்? அரை மணி நேரத்துக்கு முன்பே தெரிந்துவிட்டால் அது விபத்தே இல்லையே.

வடசென்னையில் விபத்து முன்னறிவிப்போடு வந்ததும் இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில், கடலுக்கடியில் வரும் உர ஆலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்களை எழுப்பியது மூச்சுத் திணறலும் கண்ணெரிச்சலும்தான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அம்மோனியாவுக்கு நெடி உண்டு, அதனால் ஓடவாவது முடிந்தது. காமா கதிருக்கு நெடியும் இல்லை, நிறமும் இல்லை. 2020 ஆகஸ்டில் இன்னொரு விஷயம் வெளிவந்தது. மணலியில் ஒரு சரக்குப் பெட்டகக் கிடங்கில் சுங்கத் துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் 37 கன்டெய்னர்களில் 2015 முதல் கிடந்திருக்கிறது. பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகுதான் அது ஊருக்கே தெரிந்தது. அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

பொறுப்பு கைமாறும்போது பொருள் மறந்துபோவது ரசாயனத்துக்கு மட்டும் நடப்பதில்லை. 1960களின் இறுதியில் டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறைக்கு ஆராய்ச்சிக்காகக் கனடாவிலிருந்து ஒரு காமா கருவி வந்தது. உள்ளே கோபால்ட்-60. 1980களின் நடுவிலிருந்து அதை யாரும் தொடவில்லை. வாங்கியவர்கள் ஓய்வுபெற்றார்கள், கருவி அறையில் கிடந்தது. 2010 பிப்ரவரியில் மற்றத் தட்டுமுட்டுச் சாமான்களோடு அதையும் ஏலம் விட்டுவிட்டார்கள். மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதை உடைத்தார்கள், ஈயத்தைத் தனியாக எடுத்தார்கள், கோபால்ட் ஊசிகள் கடைகளுக்குப் பிரிந்து போயின. ஒரு துண்டு ஒருவருடைய பர்ஸுக்குள்ளேயே இருந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் தோல் கருத்து, முடி கொட்டிய நிலையில் ஒரு கடைக்காரர் மருத்துவமனைக்குப் போன பிறகுதான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் வந்தது. ஏழு பேருக்குக் கதிர்வீச்சுப் பாதிப்பு. அவர்களில் ஒரு தொழிலாளி மாத இறுதியில் இறந்தார். சர்வதேச அளவுகோலில் அந்த விபத்துக்கு நான்காம் நிலை தரப்பட்டது.

மாயாபுரிக்கும் வடசென்னைக்கும் என்ன தூரம் என்று கேட்கலாம். பழைய இரும்பு கப்பலில் வந்து இறங்கும் துறைமுகங்கள் இங்கே வரிசையாக இருக்கின்றன, சென்னை, எண்ணூர் காமராஜர், காட்டுப்பள்ளி என்று. வடக்கே கும்மிடிப்பூண்டியில் அந்த இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் உலைகள் இருக்கின்றன. உருக்கும் இரும்போடு ஒரு கோபால்ட் துண்டு கலந்துவிட்டால் அது கம்பியாகவோ வார்ப்பாகவோ மாறி எங்கும் போகும். 2008இல் பிரான்ஸ் நாட்டு லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 கண்டுபிடிக்கப்பட்டபோது, அதன் மூலம் இந்திய எஃகு என்று தெரியவந்தது. இதனால்தான் இறக்குமதிப் பழைய இரும்பில் கதிரியக்கம் இல்லை என்ற சான்றிதழ் கட்டாயமாக இருக்கிறது. துறைமுக வாயிலில் கதிர்வீச்சுக் கண்டறியும் கருவி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. ஆனால் மாயாபுரிக் கருவி கப்பலில் வந்த பழைய இரும்பு அல்ல. உள்ளூர் ஏலத்தில் போன சாமான். அந்த வழிக்குத் துறைமுக வாயில் குறுக்கே நிற்காது.

சரி, கதிர் பட்டுவிட்டது. இப்போது என்ன இருக்கிறது? நல்ல செய்தி இந்தப் பக்கம்தான். 2015 மார்ச்சில் ஃபில்கிராஸ்டிம் என்ற ஊசிக்கு அமெரிக்கா கடும் கதிர்வீச்சு நோய்க்கான அனுமதி அளித்தது. அதே ஆண்டு பெக்ஃபில்கிராஸ்டிம், 2018இல் சார்கிராமோஸ்டிம், 2021இல் ரோமிப்ளோஸ்டிம் பின்தொடர்ந்தன. முதல் மூன்றும் எலும்பு மஜ்ஜையை உசுப்பி வெள்ளையணுக்களை உற்பத்தி செய்யவைக்கும், கடைசியானது தட்டணுக்களை. இவற்றில் ஃபில்கிராஸ்டிம் இந்தியாவிலேயே தயாராகிறது. கீமோதெரப்பி எடுத்து வெள்ளையணு குறைந்தவர்களுக்குப் புற்றுநோய் வார்டுகளில் வழக்கமாகப் போடும் ஊசி அது. ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் நிற்கும் எந்த ஆட்டோக்காரரும், உறவில் யாருக்காவது கீமோ நடந்திருந்தால், அந்த ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்.

சீசியம்-137 உடம்புக்குள் போய்விட்டால் அதற்குப் பிரஷ்யன் ப்ளூ. ஓவியர்கள் பயன்படுத்தும் அதே நீல நிறமிதான். குடலில் கரையாமல் இருந்து, சீசியத்தைப் பிடித்துவைத்து மலத்தோடு வெளியேற்றும். உடம்பில் இருக்கும் சீசியம் பாதியாகக் குறைய சாதாரணமாக நூற்றுப்பத்து நாட்கள் ஆகும், இந்த மருந்து கொடுத்தால் ஏறக்குறைய முப்பது நாட்கள் போதும். 1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனையிலிருந்து எடுத்துவந்த கதிரியக்கக் கருவியைக் காயலான் கடையில் உடைத்தார்கள். உள்ளே இருந்த தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதே என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள், குழந்தைகள் பூசி விளையாடினார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அவர்களில் ஒன்று ஆறு வயதுப் பெண் குழந்தை. 46 பேருக்குப் பிரஷ்யன் ப்ளூ கொடுக்கப்பட்டது.

கோயானியாவில் இன்னொன்றும் நடந்தது. முதலில் வந்த நோயாளிகளுக்கு ஏதோ வெப்பமண்டல நோய் என்று நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வாந்தி எடுப்பதற்கும் அந்தச் சாமானுக்கும் தொடர்பு இருக்கும் என்று சந்தேகப்பட்டது கடைக்காரரின் மனைவி. மிச்சத்தைப் பையில் போட்டு, பஸ் ஏறி, சுகாதாரத் துறை அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தார். அந்த நால்வரில் அவரும் ஒருவர்.

இந்தியாவில் பிரஷ்யன் ப்ளூ தயாரிக்கும் முறையை டெல்லியிலுள்ள இன்மாஸ் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. 2023 ஜூனில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்து, இமாச்சலப் பிரதேசத்தின் பத்தியிலுள்ள ஒரு நிறுவனம் ‘ப்ரூ-டிகார்ப்’ என்ற பெயரில் தயாரிக்க உரிமம் பெற்றது. கொண்டாட வேண்டிய காரியம், செய்தித்தாள்களில் ஓரமாக வந்து போனது. சீசியம்-137 தொழிற்சாலைகளுக்கு அந்நியமான பொருளும் அல்ல. தொட்டிக்குள் திரவம் எந்த மட்டத்தில் நிற்கிறது, குழாயில் ஓடும் கலவை எவ்வளவு அடர்த்தி என்று வெளியிலிருந்தே அளக்கும் அணுக்கரு அளவிகளில் அது இருக்கிறது. உலகெங்கும் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் அவற்றை நம்பி ஓடுகின்றன.

அயோடின் மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. கதிர்வீச்சு என்றதும் எல்லோர் வாயிலும் வருவது அதுதான். 1986இல் செர்னோபில் வெடித்தபோது போலந்து அரசு சில நாட்களுக்குள் ஏறத்தாழ 1.8 கோடி வேளை அயோடின் கொடுத்து முடித்தது, பொதுச் சுகாதார வரலாற்றில் பெரிய சாதனை. ஆனால் அது கதிரியக்க அயோடினிடமிருந்து தைராய்டைக் காக்கும், அவ்வளவே. கல்பாக்கம் மாதிரி அணு உலைப் பக்கம் அதற்கு வேலை உண்டு. பையில் விழுந்த இரிடியத்துக்கும் கடையில் உடைந்த கோபால்ட்டுக்கும் அது ஒன்றும் செய்யாது. ஃபுகுஷிமா நேரத்தில், 2011 மார்ச்சில், சீனாவில் அயோடின் உப்பு மூட்டைகளுக்கு அடிதடி நடந்தது.

நம் பக்கத்து மூடநம்பிக்கை துளசி வழியாக வருகிறது. இதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் உமாதேவி குழுவினர் 1990களில் துளசி இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். அதிலுள்ள ஓரியன்டின், விசெனின் என்ற இரு பொருட்கள் எலும்பு மஜ்ஜையைக் காமா கதிரிலிருந்து காப்பதைக் காட்டினார்கள். மரியாதைக்குரிய ஆராய்ச்சி. ஆனால் அங்கே சாறு போனது எலியின் வயிற்றறைக்குள், ஊசி வழியாக, கதிருக்கு முன்னால், அளந்த அளவில். காலையில் நாலு இலை மென்றுவிட்டு ஆர்.டி. வேலைக்குப் போனால் எதுவும் ஆகாது என்று யாராவது வாட்ஸ்அப்பில் எழுதினால் அது ஆளைக் கொல்லும் அறிவுரை.

1956இல் ஒரு சிறு கதிர்வீச்சுப் பிரிவாகத் தொடங்கி வளர்ந்த இன்மாஸும் மூலிகைப் பக்கம் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. இமயமலையின் போடோஃபில்லம், லடாக்கில் விளையும் சீபக்தார்ன், நம் சீந்தில் கொடி எல்லாம் அதன் ஆய்வுக் கட்டுரைகளில் வருகின்றன. பாபா அணு ஆராய்ச்சி மையம் இலைப் பச்சையத்திலிருந்து பெறும் குளோரோஃபிலினைச் சோதித்தது. கட்டுரைகளுக்குக் குறைவில்லை. எலியிலிருந்து மனிதனுக்குத் தாண்டும் இடத்தில்தான் வண்டி நிற்கிறது. மனிதர்களுக்கு மரண அளவுக் கதிர்வீச்சைக் கொடுத்து மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க முடியாதே.

இந்த முட்டுக்கட்டையை அமெரிக்கா 2002இல் ஒரு விதி போட்டு விலக்கியது. இப்படிப்பட்ட மருந்துகளின் பலனை விலங்குகளில் நிரூபித்தால் போதும், மனிதர்களிடம் பாதுகாப்பை மட்டும் காட்டினால் போதும் என்றது. மேலே சொன்ன நான்கு ஊசிகளும் அந்த வழியில் வந்தவை. இந்தியாவிலும் கதவு மூடப்படவில்லை. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளில், பேரிடர் அல்லது பாதுகாப்புத் தேவைக்கான அசாதாரணச் சூழல்களின் பட்டியலில் விபத்தாலோ திட்டமிட்டோ நேரும் கதிர்வீச்சு என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சூழலில் விலங்கு ஆய்வுத் தரவை வைத்து அனுமதி கேட்க வழி உண்டு. சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் தடுப்பு மருந்துக்கு இதைவிட நேரான பாதை ஒன்று சிகிச்சை அறை வழியாகப் போகிறது. ரேடியேஷன் சிகிச்சைக்கு வரும் புற்றுநோயாளிக்கு எந்த நாள், எந்த நேரம், உடம்பின் எந்த இடத்தில், எவ்வளவு கதிர் படப்போகிறது என்பது முன்கூட்டியே தெரியும். அரை மணி நேரம் முன்னால் மருந்து செலுத்த வேண்டும் என்றால் செலுத்தலாம், படுக்க வைத்து ரத்த அழுத்தத்தைக் கவனிக்கலாம். அமிஃபோஸ்டினுக்கு வாழ்வு கிடைத்ததே இங்கேதான். சிப்பாய்க்குப் பயன்படாத அந்த மருந்தை, தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுப்பவர்களின் உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் காக்க 1999இல் அனுமதித்தார்கள். கட்டியைக் காப்பாற்றாமல் நல்ல திசுவை மட்டும் காப்பாற்றுமா என்ற நியாயமான பயம் இருந்தது. நல்ல திசுக்களில் அதிகமாக இருக்கும் ஒரு நொதிதான் இந்த மருந்தைச் செயல்வடிவத்துக்கு மாற்றுகிறது. கட்டியில் அந்த நொதி குறைவு. பயம் பெருமளவு தணிந்தது.

இந்தப் பாதைக்குச் சென்னையைவிடப் பொருத்தமான ஊர் அரிது. அரசுப் பொது மருத்துவமனையின் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு 1957இலேயே கோபால்ட்-60 சிகிச்சைக் கருவி வந்துவிட்டது. புகையிலையும் பான்பராக்கும் கொடுத்த வாய்ப் புற்றுநோயோடு எண்ணூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வருகிறவர்கள், ரேடியேஷன் மூன்றாவது வாரத்தில் வாய் வெந்து, எச்சில் வறண்டு, ரசம் சாதம்கூட விழுங்க முடியாமல் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகும் நிலைக்கு வருவதை இந்த மருத்துவமனைகளின் மருத்துவர்கள் அறிவார்கள். சாதாரணத் திசுவைக் காக்கும் ஒரு மலிவான இந்திய மருந்து இவர்களுக்கு இன்றைக்கே வேண்டும். இவர்களிடம் முறையாக, சம்மதம் பெற்று, பாதுகாப்பை நிரூபிக்கும் மருந்துக்கு, விபத்துக்கால அனுமதி கேட்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

இதற்கு அண்மைய உதாரணமும் உண்டு. 2025 ஜனவரியில் அணுசக்தித் துறை அறிமுகப்படுத்திய ‘ஆக்டோசைட்’ என்ற மாத்திரையை பாபா மையம், டாடா நினைவு மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவு, பெங்களூரு நிறுவனம் ஒன்று ஆகியவை சேர்ந்து உருவாக்கின. இடுப்புப் பகுதிக்கு ரேடியேஷன் எடுத்தவர்களுக்குச் சிறுநீர்ப்பை புண்ணாகும் தொல்லைக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். மருந்தாக அல்லாமல் ஊட்டப்பொருளாக, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியோடு அது வந்தது. சுலபமான வாசல்தான். கடும் கதிர்வீச்சு நோய்க்கு இந்த வாசல் போதாது, மருந்து என்ற தராசில்தான் நிறுக்க வேண்டும். ஆனாலும் அணு விஞ்ஞானியும் புற்றுநோய் மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள் என்பது வரவேற்க வேண்டிய பழக்கம்.

இங்கே ஒரு மறுப்பு வரும், அது பலமானதும்கூட. அப்படி ஒரு மாத்திரை வந்துவிட்டால் அதை முதலில் கையில் எடுப்பவர் யார்? ‘மாத்திரை போட்டாச்சுல்ல, உள்ள போ’ என்று சொல்லும் கான்ட்ராக்டர்தான். ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தம், அதற்குள் இன்னொரு ஒப்பந்தம் என்று நடக்கும் வடசென்னை யார்டுகளை அறிந்தவர்கள் இதைச் சிரித்து ஒதுக்க மாட்டார்கள். கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. மார்பில் குத்தும் டி.எல்.டி. பேட்ஜ் அதைக் கணக்கு வைக்கிறது. தடுப்பு மருந்து வந்தாலும் இந்த வரம்பு ஒரு மில்லிசீவர்ட்கூட உயரக் கூடாது, வழக்கமான வேலைக்கு மருந்து கொடுப்பதே சட்டவிரோதம் என்று மருந்து வருவதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும்.

அப்படியானால் அது யாருக்கு? தெரிந்தே உள்ளே போகிறவர்களுக்கு. செர்னோபிலில் கடும் கதிர்வீச்சு நோய் உறுதியான 134 பேரில் 28 பேர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள். தீயணைப்பு வீரர்களும் உலை ஊழியர்களும். மணலியில் ஒரு ஆலை தீப்பிடித்து, உள்ளே ஒரு சோர்ஸ் அறையும் இருந்தால் முதலில் நுழைவது தீயணைப்புத் துறை. பிறகு அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்து சேரும். அவர்களுக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்கும். எண்ணிக்கையில் இவர்கள் குறைவு, எந்த மருந்து நிறுவனமும் இந்தச் சந்தையை நம்பி முதலீடு செய்யாது. 2022இல் அமெரிக்க அரசு ரோமிப்ளோஸ்டிம் மருந்தை 29 கோடி டாலருக்கு மொத்தமாக வாங்கி இருப்பு வைத்தது. வாங்குவேன் என்று அரசு கையெழுத்துப் போட்டால்தான் இந்த வகை மருந்து பிறக்கும்.

அதுவரை இருப்பதை வைத்துச் செய்யக்கூடியது நிறைய. வெந்நீரும் தீயும் படாமல் கையில் கொப்புளம், காரணமில்லாத வாந்தி, இரண்டும் சேர்ந்து ஒருவர் ஸ்டான்லி அவசரப் பிரிவுக்கோ திருவொற்றியூர் பக்கத்துச் சிறு மருத்துவமனைக்கோ வந்தால் ‘என்ன வேலை பார்க்கிறீங்க, ஏதாவது உலோகத் துண்டை எடுத்தீங்களா?’ என்று கேட்கும் பழக்கம் பயிற்சி மருத்துவருக்கு வர வேண்டும். சில மணி நேர இடைவெளியில் இரண்டு மூன்று முறை ரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கையைப் பார்த்தால் எவ்வளவு கதிர் பட்டிருக்கும் என்று கணிக்கலாம், அதற்கு எந்த ஆய்வகமும் போதும். குரோமோசோமை வைத்து இன்னும் துல்லியமாக அளக்கும் ஆராய்ச்சி போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் பல ஆண்டுகளாக நடக்கிறது.

மருந்து வாங்கும் பொறுப்புக்குத் தமிழ்நாட்டில் ஆள் தேட வேண்டியதில்லை. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, கிடங்குகளில் வைத்து, மருத்துவமனைகளுக்குப் பாஸ்புக் போட்டு மருந்து கொடுக்கும் முறையைப் பல மாநிலங்கள் வந்து பார்த்துப் போயிருக்கின்றன. அதன் பட்டியலில் பிரஷ்யன் ப்ளூவுக்கு ஒரு வரி இருக்க வேண்டும். ஃபில்கிராஸ்டிமுக்குப் புற்றுநோய்க் கணக்கு தவிர விபத்துக் கணக்கு என்று ஒரு தனி இருப்பு வேண்டும், காலாவதி நெருங்கும்போது புற்றுநோய் வார்டுக்கு மாற்றிவிட்டால் ஒரு குப்பிகூட வீணாகாது. எந்தக் கிடங்கில், எத்தனை பேருக்குப் போதுமான இருப்பு, நள்ளிரவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற மூன்றையும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுச் சுவரில் தமிழில் ஒட்டலாம். இதற்கு எந்த ஆராய்ச்சியும் முடியக் காத்திருக்க வேண்டியதில்லை, சுகாதாரத் துறையின் ஒரு அரசாணை போதும்.